புதுப்பிப்பு அறிவிப்பில் சால்வன்சி விகிதம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம், க்ளெய்ம் கொடுத்த சதவீதம் எல்லாம் இருந்தன. நிறுவனத்திடம் பணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

அதைப் பார்ப்பதற்கென்றே காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் அமைப்பான ஐஆர்டிஏஐ வைத்திருக்கும் அளவுகோல்தான் சால்வன்சி விகிதம். கொடுக்க வேண்டியதையெல்லாம் ஒதுக்கிய பின் மிஞ்சும் சொத்து, விதிப்படி கையில் இருக்க வேண்டிய உபரியைப் போல் எத்தனை மடங்கு என்பதே கணக்கு. பொதுக் காப்பீட்டில், அதாவது மருத்துவம், வாகனம் போன்ற ஆயுள் அல்லாத காப்பீட்டில், அந்த உபரி, தோராயமாகச் சொன்னால், பிரீமியத்தில் 20 சதவீதம் அல்லது க்ளெய்மில் 30 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. விகிதம் 1.5-க்குக் குறையக் கூடாது.

இந்த விதியை அதிகம் மீறியது தனியார் அல்ல, அரசுதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா, கொல்கத்தாவின் நேஷனல், டெல்லியின் ஓரியண்டல் ஆகிய மூன்று அரசுக் காப்பீட்டு நிறுவனங்களின் விகிதமும் 1.5-க்குக் கீழே இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டிச் சரிந்தது. மூன்றையும் இணைக்கப்போவதாக 2018 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2020-ல் அதைக் கைவிட்டார்கள். 2019-20 முதல் மூன்று ஆண்டுகளில் 17,450 கோடி ரூபாய் மூலதனம் கொட்டினார்கள். அதன் பிறகும் விகிதம் தேறவில்லை. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் குழுக் காப்பீட்டைக் கட்டுப்படியாகாத விலைக்கு விற்றுவிட்டு, மூலதனத்தால் மட்டும் எப்படித் தேறும்?

அரசு கைவிடாது என்பார்கள். கைவிடாமல் இருக்கலாம். ஆனால் எல்ஐசி பாலிசிக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு மத்திய அரசின் உத்தரவாதத்தை எழுத்திலேயே தருகிறது. வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பொதுக் காப்பீட்டு பாலிசிதாரருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி இந்த விகிதம்தான். அதையோ நிறுவனங்கள் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில், காலாண்டு வெளியீடுகளின் படிவக் குவியலுக்குள் போட்டு வைத்திருக்கின்றன.

ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் புதுப்பிப்பு அறிவிப்பில், பிரீமியத் தொகைக்குப் பக்கத்திலேயே இதை அச்சிட வேண்டும் என்று ஐஆர்டிஏஐ உத்தரவிட வேண்டும். அதுவரை, தங்கம் விலையைத் தினமும் போடும் தாங்கள், எல்லா நிறுவனங்களின் சால்வன்சி விகிதத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு அட்டவணையாக வெளியிடலாமே?

இப்படிக்கு,
பாலிசிதாரர் ஒருவர்,
கும்பகோணம்