டீசல் வேலைத்தளத்துக்கே வரட்டும்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, செயலாளர்களே,

மாரி தொடங்கினால் சபைகளின் மண் அள்ளும் பெக்கோவுக்கும் ரக்டருக்கும் ஓய்வில்லை. அடைபட்ட மதகு, அறுத்தோடிய கிரவல் ரோட்டு என்று நாலு பக்கமும் கூப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எண்ணெய் முடியும். கடந்த மாரியில் எங்கள் மதகடியில், சேற்றைப் பாதி அள்ளிக் கரையில் குவித்துவிட்டு, டீசலுக்கான ஓடர் துண்டோடு பெக்கோ எண்ணெய் நிரப்பும் செட்டுக்குப் போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் குவித்த சேறு மழையோடு கரைந்து வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. சாரதியைக் குறை சொல்லி என்ன பயன்?

செட்டுகள் பெரும்பாலும் ஏ9 போன்ற பெரிய வீதிகளை ஒட்டி இருக்கின்றன. வேலையோ துணுக்காய், ஒட்டுசுட்டான், பூநகரி என்று உட்கிராமங்களில் நடக்கிறது. ரோலர் ஊர்ந்துதான் போகும். சங்கிலிச் சக்கர இயந்திரத்தைத் தார் ரோட்டில் ஓட்டவே கூடாது. கடைசியில் மோட்டார் சைக்கிளில் கானைக் கட்டி டீசல் கொண்டுவருகிறார்கள். கொட்டும் மழையில் வெறும் புனலை வைத்து ஊற்றினால் தண்ணீரும் தூசும் சேர்ந்து இறங்கும். அப்புறம் இன்ஜெக்டர் போச்சு, பம்ப் போச்சு என்று இயந்திரம் வாரக்கணக்கில் கராஜில் நிற்கும்.

நான் கேட்பது ஒரு சின்ன டீசல் பவுசர், அதாவது டீசலை ஏற்றிப்போய் இயந்திரம் நிற்கும் இடத்திலேயே நிரப்பும் தாங்கி வண்டி. ஒரு சபையால் முடியாவிட்டால் பக்கத்துச் சபைகள் சேர்ந்து வாங்கலாம். பம்ப், அளவு மீற்றர், தண்ணீரைப் பிரிக்கும் வடி, நிரம்பியதும் தானாக நிற்கும் குழாய்வாய் எல்லாம் அதில் இருக்கவேண்டும். பின்னேரம் வேலை முடிந்ததும் ஒரு சுற்று வந்து நிரப்பிவிட்டால், விடியவே வேலை தொடங்கலாம். எத்தனை லீற்றர் அடித்தது, இயந்திரம் எத்தனை மணி ஓடியது என்று இரண்டையும் அந்த இடத்திலேயே லொக் புத்தகத்தில் எழுதலாம். இந்தக் கணக்கு சிலருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். சரி, பிடிக்காமலே இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பெற்றோலை ஏற்றாமல் டீசலோடு நிறுத்துங்கள். பெற்றோலைப் போல அது சட்டென்று பற்றாது. அதற்காக விளையாட்டும் இல்லை. உரிய அனுமதி, தீயணைப்புக் கருவி, சிந்தினால் போட மணல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் நிரப்பவேண்டும். கிணற்றடியிலும் குளக்கட்டிலும் நிரப்பவே கூடாது. நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்த ஆண்டுப் பாதீட்டை எடுக்கும்போது இந்தப் பவுசருக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பக்கத்துச் சபையோடு அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதகடி வயற்காரர் ஒருவர்