வானத்து வெளிச்சமும் காவல் நிலையத்துத் தொலைநோக்கியும்

மாவட்ட நிர்வாகத்துக்கும் மாவட்டக் காவல் துறைக்கும் வணக்கம்.

கடந்த மார்கழியில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். வழக்கு எதுவும் பதியப்படவில்லை என்பதால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியும். ஆனால் வானத்தில் தெரிந்த வெளிச்சங்களுக்கு நாங்கள்தான் காரணம் என்ற சந்தேகத்தில், மூன்று மாணவர்களும் நானும் இரவு பதினொன்றரை வரை காவல் நிலையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கொசுக்கள் சாட்சி.

அன்று இரவு ஏழேகால் மணிக்கு மேற்கே வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. சரத்தில் கோத்த மணிகளைப் போல, சத்தமே இல்லாமல் ஊர்ந்துவந்து, உச்சியை நெருங்கும்போது ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்ததுதான் ஊரைக் கலக்கியது. விமானம் என்றால் தூரத்தில் போய் மறையும். நடுவானில் அணையாது அல்லவா? பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ட்ரோன் கூட்டம், எதிரி நாட்டு உளவு, பிள்ளை பிடிப்பவர்கள் என்று மூன்று விளக்கங்கள் வந்துவிட்டன. அரசிடமிருந்து நான்காவது விளக்கம் ஒன்று வரும் என்று காத்திருந்தோம். இன்றுவரை வரவில்லை.

அவை ஸ்டார்லிங்க் என்னும் இணையச் சேவைக்கான செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்திலிருந்து தொகுப்புத் தொகுப்பாக ஏவப்படுகின்றன. ஏவிய முதல் சில நாட்கள் நெருக்கமாக ஒரே வரிசையில் போகும். தரையில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அது பட்டு மின்னும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துவிடும். சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழுகிற அதே நிழல்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் விளங்குகிறது. அன்று கரையில் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன், கையில் பச்சை லேசருடன். ஊர்க்காரர்கள் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்து, வெளிச்சங்களை நாங்கள்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். லேசர் காட்டியது என் தவறு என்றால் என்னைக் கேளுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

இனி தொலைநோக்கிக்கு வருகிறேன். கடையில் வாங்கியதன்று. பி.வி.சி. குழாய், ப்ளைவுட் பலகை, ஆறங்குலக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை மூன்று மாணவர்கள் பள்ளியின் பழைய பொருள் அறையில் கார்போரண்டம் பொடி போட்டு, ஒரு கோடை விடுமுறை முழுவதும் கையால் தேய்த்து உருவாக்கினார்கள். விசாரணைக்காக என்று எடுத்துச் சென்ற கருவி 19 நாள் நிலையத்து மாடிப்படிக்குக் கீழே, பறிமுதல் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களின் பக்கத்தில், வாய் மேலே பார்த்தபடி நின்றது. இவ்வகைத் தொலைநோக்கியில் கண்ணாடி குழாயின் அடியில்தான் இருக்கும். வாய் திறந்த குழாயைக் குப்பைத் தொட்டி என்று யாரோ எண்ணியிருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது உள்ளே இரண்டு காகிதத் தேநீர்க் குவளைகள் கிடந்தன. மிச்சத் தேநீர் கண்ணாடியின் மேல் உலர்ந்து படலமாகப் படிந்திருந்தது. அதைக் கண்டு மனம் கேளாத இளம் காவலர் ஒருவர், நல்லெண்ணத்தோடு, தம் துண்டால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்னால் இருக்கும். இதற்கு அலுமினியப் பூச்சு முன்பக்கத்தில், தூசியைக்கூட ஊதித்தான் எடுக்க வேண்டும். ஒரு கோடையின் உழைப்பில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்ததை மாணவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான் இழப்பீடு கேட்டு எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். வானத்தில் ஏதேனும் தெரிந்து ஊர் பதறினால், மறுநாள் காலைக்குள் அது இன்னது என்று தமிழில் ஒரு பத்தி எழுதி வெளியிடுங்கள்.

இது புதுமையான யோசனை அன்று. 2012-இல் லடாக் எல்லையில் நம் படையினர் மர்ம வெளிச்சங்களைக் கண்டு மாதக்கணக்கில் குறித்துவைத்தார்கள். சீன உளவு ட்ரோன்களோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டபோது, அவை வெள்ளியும் வியாழனும் என்று விடை வந்தது. ராணுவம் கேட்டதில் கௌரவக் குறைவு ஒன்றும் நேரவில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். வெளிமாநிலத்துக்குக்கூட எழுத வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வானத்திலிருந்து பெரிய உலோக வளையம் விழுந்தது. அதுவும் காவல் நிலையத்துக்குத்தான் போனது. ஆனால் அதைப் பார்க்க இஸ்ரோவிலிருந்து ஆள் வந்தார்கள். எங்கள் கருவியைப் பார்க்கத் தேநீர் குடித்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

பிரான்சில் 1977 முதல் அந்நாட்டு விண்வெளி மையத்திலேயே இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. கண்டவர் சொல்வதை அங்கே காவலர் எழுதி வாங்கி அனுப்புகிறார். ஆராய்ந்து முடிவை வெளியிடுகிறார்கள். விளங்காததை விளங்கவில்லை என்றே போடுகிறார்கள். தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான், ஐயா. 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே எதுவோ தெரிந்தபோது வான்வழியை மூடினார்கள், ரஃபேல் போர் விமானங்களை அனுப்பித் தேடினார்கள், எதுவும் அகப்படவில்லை. அந்தச் செய்தி வெளியே வந்தது. வானம் இடிந்து விழவில்லை. அவசர விடையும் எங்களுக்கு வேண்டாம். 2016-இல் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தபோது, அது விண்கல் என்று அரசு அறிவித்ததையும், தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலத் தெரிகிறது என்று நாசா சொன்னதையும் நாங்கள் மறக்கவில்லை.

சென்ற மாதம் அதே ஏரிக்கரையில் உயர்கோபுர மின்விளக்கு ஒன்று வைத்திருக்கிறீர்கள். இப்போது கிருத்திகைக் கூட்டம்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. வானத்தையே பார்க்க முடியாதபடி செய்துவிட்டால் மர்ம வெளிச்சம் என்று யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள் என்பது திட்டமானால், பாராட்டத்தான் வேண்டும். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயைத் தூர்வாரக் கேட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. விளக்கை யாருமே கேட்கவில்லை. மன்னிக்கவும், சொல்ல வந்தது வேறு.

அந்த ஒரு பத்தியைத்தான் மீண்டும் கேட்கிறேன். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். முத்திரை மட்டும் தங்களுடையதாக இருக்கட்டும். நான் சொன்னால் ஊர் நம்புவதில்லை, நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் என்பதால்.

வரும் அமாவாசையன்று மாலை ஆறு மணிக்கு, விளக்குக்குத் தள்ளி, மறுகரையில் இருப்போம். இம்மடலையே முன்னறிவிப்பாகக் கொள்ள வேண்டுகிறேன். லேசர் கொண்டுவர மாட்டேன். கீறல் விழுந்த கண்ணாடியிலும் வியாழனின் நான்கு நிலவுகள் தெரிகின்றன. துடைத்துக் கொடுத்த அந்தக் காவலருக்கு அன்று பணி இல்லையென்றால் அனுப்பிவையுங்கள். அன்றே ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். பகல் நேரம் என்பதால் காட்ட முடியவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்