ஜிம்மியின் முனகலும் உன் வீட்டுக் குட்டியும்

குன்னூர்,
ஐப்பசி 20

அன்புள்ள கலா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனது ஆறியது. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு. இங்கே பத்து நாளாக விடாத மழை. துவைத்த துணியெல்லாம் அடுப்படிக் கொடியில்தான் காய்கிறது.

போன தடவை போனில் பேசும்போது, "பின்னால யாருடி அழறது?" என்று கேட்டாயே, அது எங்கள் ஜிம்மி. ஆறு மாதம் அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம் நடத்தினோம். குரைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது மூக்கு வழியாக மெல்லிசாக இழுக்கிற முனகல். நான் போனை எடுத்தால் முனகுவான், இவர் பேப்பரை விரித்தால் முனகுவான், அத்தை டீ டம்ளரைக் கையில் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

வலியாக இருக்குமோ என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். காது, பல், வயிறு, மூட்டு எல்லாம் பார்த்தார், சிறுநீரையும் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. இதை முதலில் செய்தது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். வலியில் முனகுகிற நாயைப் பிடிவாதம் என்று நினைத்து ஒதுக்கினால் அது பாவம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவனையே கவனித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அத்தை வர்க்கியைப் பிட்டு டீயில் நனைக்கிறார். ஜிம்மி எதிரில் உட்கார்ந்து முனகுகிறான். "போடா" என்கிறார். அவன் இன்னும் கொஞ்சம் இழுக்கிறான். மூன்றாவது தடவை ஒரு துண்டு கீழே விழுகிறது. இவர் பங்குக்கு, "சும்மா இருடா" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தடவிக்கொடுக்கிறார். நான் அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறேன். என் சத்தமும் அவனுக்குக் கிடைத்த கவனிப்புதான், கலா. மூன்று பேரும் சேர்ந்து அவனுக்கு முனகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

என் அப்பா லாட்டரிச் சீட்டு வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். எப்போதாவது ஐம்பது ரூபாய் விழும். அந்த நம்பிக்கையிலேயே இன்னொரு வருஷம் வாங்குவார். 2003இல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகுதான் நின்றது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைத்தான் காட்டினார்: ஒவ்வொரு தடவையும் தீனி கிடைத்துப் பழகிய பழக்கம், தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுப்போகும், எப்போதாவது கிடைத்துப் பழகியது லேசில் போகாது. மூன்றாவது முனகலுக்கு விழுந்த அந்த வர்க்கித் துண்டுதான் ஜிம்மியின் லாட்டரி.

சரி, வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். முனகினால் யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, திட்டவும் கூடாது. வாயை மூடிய உடனே கவனிக்க வேண்டும். முதல் நாள் மூச்சு வாங்க நிறுத்தினான் பார், அந்த மூன்று விநாடிக்குள் "நல்ல பையன்" என்று சொல்லி ஒரு கேரட் துண்டு கொடுத்தேன். அப்புறம் ஐந்து விநாடி, பத்து விநாடி என்று நீட்டிக்கொண்டே போனேன். நாலாம் நாள்தான் பெரிய சோதனை. முனகல் ஊளையாகவே மாறிவிட்டது. கேட்டது கிடைக்காமல் போனால் அடங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு தடவை உச்சத்துக்குப் போகும். இவர் மனது தாங்காமல் எழுந்துவிட்டார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் இறங்கிப்போயிருந்தால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் செய்தோம். மழை என்று சொல்லி நடக்கக் கூட்டிப்போகாமல் இருந்தோம், அது எங்கள் தப்பு. இப்போது குடை பிடித்துக்கொண்டாவது காலையில் தேயிலைத் தோட்டத்து வழியாக அரை மணி நேரம் போகிறோம். இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்க விடுகிறேன். வந்ததும் பழைய துண்டில் கேத்தி கேரட் துண்டுகளைச் சுருட்டி வைத்துத் தேட விடுகிறேன். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், அத்தை டம்ளரை எடுத்தார். ஜிம்மி பார்த்தான், அடுப்போரத்துச் சாக்கில் போய்ப் படுத்தான், முன்னங்கால் மேல் தாடையை வைத்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் எல்லா முனகலும் ஒன்றில்லை. போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி ஆரம்பித்தான். எங்களைப் பார்க்கவே இல்லை. வால் காலுக்குள், முதுகு மயிர் சிலிர்த்து, கதவையே பார்த்துக்கொண்டு தொண்டைக்குள் ஒரு சத்தம். விளக்கைப் போட்டுவிட்டு அவனை அறைக்குள் இழுத்துக்கொண்டோம். விடிந்து பார்த்தால் மேரக்காய்ப் பந்தலுக்கடியில் சேற்றில் சிறுத்தையின் காலடி. இந்த மலையில் ஊருக்குள் வருகிற சிறுத்தை நாயைத் தூக்கிப்போவதுண்டு. கேட்கிற முனகல் நம் முகத்தைப் பார்க்கும். பயந்த முனகல் வேறெங்கோ பார்க்கும்.

உன் பையன் கொண்டுவந்த குட்டிக்கு இந்த வைத்தியத்தைச் செய்துவிடாதே, கலா. நாற்பது நாள் குட்டி என்கிறாய். எட்டு வாரமாவது தாயோடு இருந்திருக்க வேண்டியது. அது ராத்திரி அழுவது பிடிவாதமில்லை, தாயின் சூட்டைத் தேடுகிறது. வராந்தாவில் தனியாக விடாதே. அட்டைப் பெட்டியில் உன் பழைய சேலையை மடித்துப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வை. அழுதால் கையை நீட்டித் தொடு, ஒன்றுக்குப் போக வெளியே கூட்டிப்போய்விட்டு வா. தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள். வெறிநாய்க்கடி ஊசியை மூன்று மாதமானதும் போட்டுவிடு. எங்கள் ஊர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டை 1907இல் தொடங்கியதே அந்த நோய்க்காகத்தான். அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன், அதனால் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவருகிற ரயில் கூவினால் மட்டும் ஜிம்மி இன்னும் கழுத்தைத் தூக்கி ஊளையிடுகிறான். அதைத் தடுக்கவில்லை.

மார்கழிக்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கதவைத் திறந்ததும் மேலே தாவி முனகுவான். நாலு காலும் தரையில் படுகிற வரைக்கும் அவனைப் பார்க்காதே. அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள்.

அன்புடன்,
மலர்