அரக்குப் பொம்மைன்னு சொல்லி பெயிண்ட் பொம்மைய விக்கிறாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசித் திருவிழாவுக்கு திருவொற்றியூர் போனப்ப ஒரு கடையில "சன்னபட்ணா அரக்குப் பொம்மைம்மா, ஒரிஜினல்"னு சொன்னதை நம்பி பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கினேன், அவனுக்கு அப்ப எட்டு மாசம், பல்லு முளைக்கிற நேரம், எதைக் குடுத்தாலும் நேரா வாய்க்குதான் போகும். சாயங்காலம் பாத்தா ஈறெல்லாம் சிவப்பு. ரத்தம்னு நெனச்சு எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, துணியால தொடைச்சுப் பாத்தா அவ்வளவும் பெயிண்ட்டு.

நான் சன்னபட்ணாவுக்கே போயிருக்கேன், பெங்களூர்லேர்ந்து மைசூர் போற ரயில் பாதையில இருக்கு. நம்ம ஊரும் ஒரு காலத்துல சென்னப்பட்டணம்தானே, அந்தப் பேருக்காகவே இறங்கிப் பாத்தேன். அங்க பிரஷ்ஷே கிடையாதுங்க. வெட்பாலை மரத்தை நல்லா காயவெச்சு, கடைசல் மிஷின்ல மாட்டி சுத்தவிட்டு, கலர் கலந்த அரக்குக் குச்சிய அதுமேல அழுத்திப் புடிக்கிறாங்க, உரசுற சூட்டுலயே அரக்கு இளகி மரத்தோட ஒட்டிக்குது. அப்புறம் தாழை மடலை வெச்சு அழுத்துனா கண்ணாடி மாதிரி பளபளப்பு! அது ஈரத்துக்கு கரையாது. வாங்குறவங்க ஒரு வெள்ளைத் துணிய நனைச்சு தேச்சுப் பாருங்க, கலர் ஒட்டுச்சுன்னா வெச்சுட்டு வந்துடுங்க.

2021 ஜனவரிலேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பண்ண கைவினைக்காரங்களுக்கும், ஒரு ஊருக்கே உரிய பொருளுக்குக் குடுக்கிற புவிசார் குறியீட்டுல பதிவு பண்ணவங்களுக்கும் மட்டும் அதுல விலக்கு இருக்கு. நான் திரும்பப் போய் கேட்டப்ப அந்தக் கடைக்காரர் "கைவேலைம்மா, முத்திரை வேணாம்"னுட்டாரு. உண்மையா கடைசல் புடிச்சு வயித்தக் கழுவுறவங்களுக்காக குடுத்த சலுகைய இப்படி யாரோ எடுத்துக்கிறது எனக்கு வயிறு எரியுது. அதிகாரிங்க திருவிழாக் கடையில முத்திரை எங்க, இல்லன்னா பதிவுக் கார்டு எங்கன்னு கேட்டாலே போதும்.

எங்கம்மா வாங்கிக் குடுத்த அம்பாசமுத்திரம் சொப்புல ஒரு குடம் மட்டும் இன்னும் வீட்டுல இருக்கு. அதுவும் கடைசல் வேலைதான், அரக்குப் பூச்சுதான், ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, விளிம்பு கொஞ்சம் உடைஞ்சிருக்கு, சிவப்பு அப்படியே இருக்கு. அடுத்த மாசிக்கு அந்த சொப்புக்காரங்களுக்கு தேரடி பக்கம் நாலு கடை வாடகை இல்லாம குடுக்கச் சொல்லி உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை