‘ராணுவம்’ என்ற சொல்லுக்கு மதிப்பெண் போடாதீர்கள்

தமிழில் போர் விளையாட்டுகளையும் வீட்டு உடற்பயிற்சிக் கையேடுகளையும் அலசி மதிப்பெண் போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக 17 வருடம் வேலை பார்த்துவிட்டு 2008-இல் ஊருக்கு வந்தவன். இப்போது தினமும் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஏரிக்கரையில், ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்கள் பதினைந்து இருபது பேரை ஓடவிடுகிறேன். எந்த கேமை இறக்குவது, எந்தப் பயிற்சிக் கையேட்டுக்குப் பணம் கட்டுவது என்பதை அவர்களில் பாதிப் பேர் உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நான் சொன்னால் தலையாட்டுவார்கள். நீங்கள் சொன்னால் செய்வார்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

போன வருடம் என் தங்கை மகன் ஒரு கையேடு வாங்கினான். முப்பது நாளில் ராணுவ உடம்பு என்று அட்டையில் போட்டிருந்தது. பச்சைப் புள்ளிச் சட்டை, இறுகிய முகம், பின்னால் புகை. அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்த ஒரு விமர்சனத்தை நம்பித்தான் வாங்கினான். முதல் நாளே 200 தண்டால், 200 பஸ்கி. பையனுக்கு வயது 18. பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை ஆறு மாதம் உட்கார்ந்தே இருந்தவன். மாமாவிடம் சொன்னால் தடுப்பார் என்று மாடியில் தனியாகச் செய்திருக்கிறான். மூன்றாம் நாள் கையை மடக்க முடியவில்லை. நாலாம் நாள் காலையில் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. நல்லவேளை, பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னான். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பழகாத தசையை ஒரே மூச்சில் அடித்து வேலை வாங்கினால் தசையே சிதையும். சிதைந்தது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். நாள் கணக்கில் டிரிப் ஏற்றினார்கள். தப்பித்தான். தப்பாமல் போயிருந்தால் 18 வயதில் டயாலிசிஸ் வாசலில் நின்றிருப்பான். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, ஒன்பது மதிப்பெண் கொடுத்த அந்த விமர்சனத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தேன். அட்டை, அச்சு, படங்களின் தெளிவு, விலை எல்லாம் இருந்தது. செய்து பார்த்தேன் என்ற ஒரு வரி இல்லை. யார் செய்யக்கூடாது என்ற வரியும் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த 200 தண்டாலுக்கும் ஆள்சேர்ப்புத் தேர்வுக்கும் சம்பந்தமே கிடையாது. அக்னிவீர் பொதுப்பணிக்கு மைதானத்தில் பார்ப்பது 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல் அப், 9 அடி பள்ளம் தாண்டுவது, வளைந்து நெளிந்து போகும் கட்டைமேல் விழாமல் நடப்பது, இவ்வளவுதான். ஓட்டத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல் அப் எடுத்தால் 40. தண்டால் அதில் இல்லவே இல்லை. 2023 முதல் எழுத்துத் தேர்வை வேறு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் தேறினால்தான் மைதானமே. இது தெரிந்த ஒருவர் அந்தக் கையேட்டைப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே கேட்டிருப்பார்: ராணுவம் என்று போட்டிருக்கிறாயே, எந்த ராணுவம்?

நிஜமாகவே ஒரு ராணுவம் எழுதிய வீட்டுப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1950-களின் கடைசியில் கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் என்பவர் உருவாக்கிய ஃபைவ் பி.எக்ஸ். வடக்கே தனித்துக் கிடக்கும் தளங்களில் ஜிம் கிடையாது. அங்கிருக்கும் விமானிகளுக்காகச் செய்தது. ஐந்தே பயிற்சிகள், நாளுக்கு 11 நிமிடம், ஒரு கருவியும் வேண்டாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் பொறுமை. எவ்வளவு தெம்பாக இருந்தாலும் அடிமட்டப் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வயது ஏற ஏற ஒவ்வொரு படியிலும் தங்க வேண்டிய நாளும் ஏறும். தாவக்கூடாது. அதிலும் குறை உண்டு. காலை நீட்டிப் படுத்து எழுந்து உட்காரும் பயிற்சி முதுகுக்கு ஆகாது என்று இன்று பலரும் விட்டுவிட்டார்கள். அமெரிக்க ராணுவமே தன் தேர்விலிருந்து சிட் அப்பை எடுத்துவிட்டு, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க் வைத்துக்கொண்டது. அப்படியிருந்தும் அந்தப் பழைய கையேட்டைத் திறந்தால், எதிரே நிற்கும் ஆளுக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டு எழுதியவர் கை அதில் தெரியும். நீங்கள் தேட வேண்டியது அந்தக் கையைத்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு இது இரட்டிப்பு அவசியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை மட்டுமல்ல, முதுகும் முட்டியும் கழுத்தும் இறுகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான். அதற்கு முன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறார்கள். என் தங்கையே அப்படித்தான். ‘முட்டி வலியா, முழு பஸ்கி போடுங்கள், போய்விடும்’ என்று ஒரு கையேடு சொன்னால், அது எங்கள் முட்டியைப் பார்த்து எழுதியதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுவது என்று ஒரு மாற்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என் கணக்கில் அதற்கே இரண்டு மதிப்பெண். இன்னொன்று, சாப்பாட்டுப் பக்கம். டப்பா புரோட்டீன் வாங்கச் சொல்லும் கையேடுதான் அதிகம். கேழ்வரகுக் களி, கொள்ளு, நிலக்கடலை, முட்டை என்று எங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்லும் கையேடு இதுவரை என் கண்ணில் படவில்லை.

சரி, கேமுக்கு வருகிறேன்.

நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. பப்ஜிக்குப் பதிலாக வந்த பி.ஜி.எம்.ஐ. என்ற செல்போன் போர் விளையாட்டைப் பையன்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். பப்ஜி 2020 செப்டம்பரில் தடையானதும், 2021 ஜூலையில் இது வந்ததும், 2022-இல் காணாமல் போய் அடுத்த வருடம் திரும்பியதும் எல்லாம் அவர்கள் வாயால் கேட்டு எனக்குப் பாடம். நாலு பேர் சேர்ந்து, ஒருவன் விழுந்தால் இன்னொருவன் ஓடிப்போய்த் தூக்கும்போது மனசுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேதான் என் வேலை குறுக்கே வருகிறது. குண்டடி பட்டவன் மருந்துப் பெட்டியைத் திறக்கிறான், சில நொடியில் உயிர்க்கோடு நிறைகிறது, எழுந்து ஓடுகிறான்.

கார்கில் போர் நடந்த 1999 கோடையில் நான் ஸ்ரீநகரில் ராணுவ மருத்துவமனையில் இருந்தேன். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஒரு மனிதனுக்குச் சில நிமிடங்கள்தான். கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்தியவன் பிழைப்பான். பிழைத்தாலும் பழையபடி ஓட வருடங்கள் ஆகும், சிலருக்கு ஓட்டமே கிடையாது. விளையாட்டில் இதையெல்லாம் காட்டு, பையன்களை அழவிடு என்று நான் கேட்கவில்லை. ‘தத்ரூபமான போர் அனுபவம்’ என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அந்த வார்த்தையைத்தான் கேட்கிறேன். துப்பாக்கியின் சத்தம் தத்ரூபம், புல்லின் அசைவு தத்ரூபம். காயம்? அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

கேம்களில் மருந்துப் பெட்டிமேல் சிவப்புச் சிலுவை போடுவதையும் கவனியுங்கள். நான் கையில் கட்டியிருந்த சின்னம் அது. ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம். நம் நாட்டிலும் 1960-ஆம் வருடச் சட்டப்படி அனுமதி இல்லாமல் யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. அந்தக் குறியைக் கண்டால் சுடக்கூடாது என்பதுதான் அதன் ஒரே பொருள். செஞ்சிலுவைச் சங்கம் இதைப் பற்றி கேம் நிறுவனங்களோடு பல வருடமாகப் பேசிவருகிறது. ஆர்மா 3 என்ற விளையாட்டு 2017-இல் போர்ச் சட்டங்களைப் பற்றியே ஒரு தனிப் பகுதி வெளியிட்டு, வந்த பணத்தில் ஒரு பங்கைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது. நல்ல காரியம். அதே ஆர்மா 3 காட்சிகளைத்தான் 2025 மே மாதத்தில் நிஜச் சண்டை என்று செல்போனுக்குச் செல்போன் பரப்பினார்கள். எங்கள் தெருவில் மகனை எல்லைக்கு அனுப்பிய ஒரு அம்மா அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. இது விளையாட்டுக் காட்சி என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். அந்த நேரத்தில் நீங்கள் வாய் திறந்தால் எத்தனை வீட்டுக்கு நிம்மதி!

இன்னொரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவமே 2002 ஜூலை 4-ஆம் தேதி ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்று ஒன்றை இலவசமாக விட்டது. ஆள் சேர்க்கத்தான், ஒளிக்கவில்லை. 2022-இல் மூடினார்கள். அதில் இரண்டு அணியும் தன்னை அமெரிக்க வீரனாகவே பார்க்கும். எதிரே இருப்பவன்தான் எப்போதும் எதிரி. யாரும் எதிரியின் பக்கம் நின்று பார்க்க முடியாது. அதை நான் பெரிய குறையாகச் சொல்வேன். ஆனால் அதே விளையாட்டில் மருத்துவ வீரனாக ஆட வேண்டுமென்றால் முதலில் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்து பரீட்சையில் தேற வேண்டும். 2007-இல் வடக்கு கரோலைனாவில் சாலையில் கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒருவரை இழுத்து, ரத்தத்தை நிறுத்திக் காப்பாற்றிய ஆள், அதை அந்த வகுப்பில்தான் கற்றதாகச் சொன்னார். ஒரே விளையாட்டில் இரண்டும் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டு இதை எப்படிச் சொல்வீர்கள்? எழுதித்தான் சொல்ல முடியும்.

தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை வாருங்கள். நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் காட்டிலும் மேட்டிலும் கிடைத்தவை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு, இன்னார் தொறு (மாட்டு மந்தை) கொண்டபோது, இன்னாருடைய சேவகன் மீட்டுப் பட்டான் (செத்தான்) என்று வெட்டியிருக்கும். மாட்டுக்காகச் செத்தவனுக்குக்கூட எந்தச் சண்டை, யாருக்காக, யாரோடு என்று கல்லில் கணக்கு உண்டு. பல கற்களில் வீரன் உடம்பில் அம்பு குத்தி நிற்பதையே செதுக்கியிருக்கிறார்கள், காயத்தை மறைக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் எடுத்தனூர் கல்லில், கள்ளரைக் கடித்த நாய்க்கே கோவிவன் என்று பெயர் போட்டிருக்கிறது. ஒரு போர் விளையாட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கல்தான் அளவுகோல். செத்தவன் யார்? எதற்காக? 2014-இல் வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற விளையாட்டில் நீங்கள் வீரனே இல்லை. முற்றுகையில் மாட்டிய ஊர்க்காரர். மருந்தும் சோறும் தேடி இரவில் அலைய வேண்டும். அதை நான் முழுதும் ஆடவில்லை, என் தங்கை மகன் ஆடுவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஓய்வில் இருந்தான். ஒரு இரவு அதை அணைத்துவிட்டு, ‘மாமா, ஸ்ரீநகர்ல நிஜமாவே என்ன பாத்தீங்க?’ என்று கேட்டான். 18 வருடத்தில் முதல்முறை.

என் வேண்டுகோள் இதுதான். ஒரு கையேட்டுக்கு மதிப்பெண் போடும் முன் மூன்று வாரமாவது அதன்படி செய்யுங்கள். உங்கள் வயதையும் எத்தனை நாள் முடிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் அம்மா அதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். ஓய்வு நாள் இல்லாத அட்டவணைக்கு, அது யார் பெயரில் வந்தாலும், பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். விளையாட்டு என்றால் எத்தனை மணி நேரம் ஆடிவிட்டு எழுதுகிறீர்கள், அது எந்த இடத்தில் காசு கேட்கிறது, நிறுத்த விடுகிறதா என்று சொல்லுங்கள். பி.ஜி.எம்.ஐ.-யில் 18 வயதுக்குக் கீழ் நாளுக்கு மூன்று மணி நேரம் என்ற கட்டு இருக்கிறது. அப்பா செல்போனில் ஆடும் பையனுக்கு அது கட்டே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எழுதுங்கள். உங்களுக்கு யாராவது பணம் கொடுத்திருந்தால் அதையும்.

ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் புல் அப் கம்பி நட்டிருக்கிறோம். தங்கை மகன் நேற்று ஏழு எடுத்தான், எட்டாவதில் தொங்கி நின்றான், போதும் என்று நானே இறக்கிவிட்டேன். நீங்கள் யாராவது வந்து பையன்களிடம் நேரில் பேசினால் எனக்குப் பெரிய சந்தோஷம். முதல் நாளே சொல்லிவிடுங்கள், தங்கையிடம் களி கிண்டச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஏரிக்கரைப் பயிற்சிக்காரன்,
பாப்பாரப்பட்டி வட்டாரம்