அம்மாவுடன் அசகுசாவும் உயேனோவும்

டோக்கியோ,
நவம்பர் 24

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் குழந்தைக்கா?" என்று மகிழ்ந்து, உடனே உனக்கு எழுதச் சொன்னார். அம்மாவின் முழங்கால் எப்படியிருக்கிறது, இவ்வளவு நெரிசலான ஊரில் அவரை எங்கே அழைத்துப்போகிறாய் என்று நீ கேட்டிருந்தாய். நேற்று ஒரு நாள் முழுவதும் நாங்கள் நால்வரும் சுற்றிவிட்டு வந்தோம். அதையே விரிவாக எழுதுகிறேன்.

நிஷிகசாயிலிருந்து ரயிலேறி, நிஹோன்பாஷியில் மாறி, காலை ஒன்பது மணிக்கு அசகுசா சென்றோம். சென்சோஜி கோயிலின் வெளிவாசலான கமினாரிமோனில் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள சிவப்பு விளக்குக்கூண்டு தொங்குகிறது. அதன் இருபுறமும் நிற்கும் காற்றுத் தெய்வத்தையும் இடித் தெய்வத்தையும் பார்த்த அம்மா, யாரும் சொல்லாமலே "இவர் வாயு" என்று ஒருவரை அடையாளம் கண்டுகொண்டார். சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் 628ஆம் ஆண்டு ஒரு சிறிய கன்னோன் சிலை சிக்கியது என்பது இக்கோயிலின் தலபுராணம். நம் பக்கத்துப் பௌத்தர்கள் அவலோகிதேசுவரர் என்று வணங்கிய அதே கருணைத் தெய்வம்தான் கன்னோன். அந்தச் சிலையை எவருக்கும் காட்டுவதில்லை.

சன்னிதிக்கு முன்னால் உள்ள பெரிய தூபக்கலத்தின் புகையை எல்லோரும் கையால் அள்ளி, நோயுள்ள உறுப்பின் மேல் தடவிக்கொள்கிறார்கள். கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே வளர்ந்த அம்மாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை; குனிந்து இரண்டு முழங்கால்களிலும் தடவிக்கொண்டார். என் மகள் நூறு யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி ஒரு குச்சியை எடுத்தாள். குச்சியிலிருந்த எண்ணுக்குரிய இழுப்பறையில் கிடைத்த சீட்டில் கெட்ட பலன் எழுதியிருந்ததால் அவள் முகம் வாடிவிட்டது. அப்படிப்பட்ட சீட்டை அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்தால் தீது நம்மைத் தொடராது என்று என் மனைவி விளக்கினாள். "நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதைப் போலத்தான்" என்று அம்மா சேர்த்துச் சொன்ன பிறகே குழந்தை சமாதானமானாள்.

இப்போதுள்ள பிரதான மண்டபம் 1958இல் கான்கிரீட்டால் கட்டப்பட்டது. பழைய மண்டபம் 1945 மார்ச் 10 இரவில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பலிகொண்ட குண்டுவீச்சில், இந்தப் பகுதி முழுவதுடன் சேர்ந்து எரிந்துபோனது. அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் சன்னிதியை நோக்கி மறுபடியும் கைகூப்பினார்.

மீன் சாறு கலக்காத உணவு இங்கே அரிது என்பதால் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துச் செய்யும் இமோயோகான் என்ற இனிப்பை மட்டும் அம்மா விரும்பிச் சாப்பிட்டார். ஆற்றுப் பாலத்தில் நின்று 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரத்தைப் பார்த்ததோடு சரி, மேலே ஏறவில்லை.

அங்கிருந்து உயேனோவுக்குச் சுரங்க ரயிலில் சென்றோம். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையேதான். 1927 டிசம்பர் 30 அன்று வெறும் 2.2 கிலோமீட்டர் தூரத்துக்கு அதைத் தொடங்கினார்கள். வண்டியின் நிறம் அன்றைப் போலவே இன்றும் மஞ்சள்.

நண்பா, உயேனோ விலங்குக் காட்சிசாலையைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். 1943இல், குண்டுவீச்சு வந்தால் விலங்குகள் தப்பி ஊருக்குள் புகுந்துவிடும் என்று காரணம் சொல்லி, அவற்றைக் கொன்றுவிடுமாறு அதிகாரிகள் ஆணையிட்டார்கள். ஜான், டோங்கி, வான்ரி என்ற மூன்று யானைகள் அப்போது அங்கே இருந்தன. விஷம் கலந்த தீனியை அவை உண்ணவில்லை. ஆகவே பட்டினி போட்டார்கள். தீனிக்காகத் தாங்கள் கற்ற வித்தைகளைக் காப்பாளர்கள் முன் செய்துகாட்டியபடியே அவை மெலிந்து இறந்தன. இதில் என்னால் தாங்க முடியாத செய்தி ஒன்று உண்டு. கொல்லப்பட்ட விலங்குகளுக்காகச் செப்டம்பர் 4 அன்று பொதுமக்கள் முன்னிலையில் நினைவுச் சடங்கு நடந்தபோது, இரண்டு யானைகள் மறைப்புக்குப் பின்னால் இன்னும் உயிரோடு இருந்தன. கடைசி யானை அதே மாதம் 23ஆம் தேதி இறந்தது.

போர் முடிந்தபின் யானையையே பார்த்திராத டோக்கியோக் குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதி யானை கேட்டார்கள். 1949இல் அவர் ஒரு யானையை அனுப்பினார். தம் மகளின் பெயரையே அதற்கு இந்திரா என்று சூட்டியிருந்தார். அது 1983 வரை இங்கே வாழ்ந்தது. யானைகளின் முன் நின்று இதை மகளுக்குச் சொன்னேன். பட்டினியைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காப்பாளர்கள் ராத்திரியில் ஒளித்து ஏதாவது கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உன் மாணவர்கள் இப்படிக் கேட்டால் நீ என்ன சொல்வாய்? எனக்கு எழுது.

மாலையில் ஷினோபசு குளத்தின் நடுவே உள்ள பெந்தென்தோ கோயிலுக்கு நடந்தோம். அங்கிருக்கும் பென்ஸைதென் நம் சரஸ்வதிதான். சீனம் வழியாக இங்கே வந்து, வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியத்தை ஏந்திக்கொண்டாள். கோயிலைச் சுற்றி வேறெங்கும் நான் காணாத நினைவுக்கற்கள் நிற்கின்றன. சமையல்காரர்களின் கத்திகளுக்கு ஒரு கல், அவர்கள் அறுத்த ஃபுகு மீன்களுக்கு ஒரு கல், மூக்குக்கண்ணாடிகளுக்கும் ஒரு கல். உழைத்த பொருளுக்கு நன்றி சொல்லி அஞ்சலி செய்யும் வழக்கம் இவர்களுக்கு உண்டு. பக்கத்திலேயே லட்சக்கணக்கானோர் நாள்தோறும் ஓடி ரயில் பிடிக்கிற ஊரில், ஒருவர் அந்தக் கண்ணாடிக் கல்லின் முன் நின்று தலைவணங்கிவிட்டுப் போனதை நாங்கள் பார்த்தோம். "இது நம் ஆயுத பூஜை அல்லவா! சரஸ்வதி இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கிறார்களே!" என்று அம்மா வியந்தார். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் காணாத ஒளி அப்போது வந்தது.

ரயிலில் திரும்பும்போது அவர் உனக்கு ஒரு வேலை சொல்லச் சொன்னார். வீட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது? கூடத்து மர அலமாரியின் மேல்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால், அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஒரு தகரப் பெட்டியில் இருக்குமாம். கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, அதை உன் வீட்டில் பத்திரமாக வைத்திரு. ஜனவரியில் அம்மா வந்து வாங்கிக்கொள்வார்; அடுத்த சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அதையும் அடுக்கிவைக்க வேண்டுமாம்.

என்றும் உன்,
பழைய விடுதி அறைத்தோழன்