வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலும் எழுதிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிப் பாடம் எந்த அளவுக்கு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது என்பதைச் சாயங்காலம் ஆனால் என் கடையில் பார்க்கலாம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவதில்லை. அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்து, போன் கைக்குக் கிடைத்த பிறகு, இருட்டும் நேரத்தில்தான் ஓடி வருகிறார்கள். "அண்ணா, மிஸ் குரூப்ல பிடிஎஃப் போட்டிருக்காங்க, பிரிண்ட் எடுக்கணும்." குரூப்பைத் திறந்தால் காலை வணக்கப் படங்களும் "ஓகே மிஸ்"களும் வரிசையாக வரும். அதற்கு நடுவே தேடிப் பிடித்துத் தொட்டால், போனில் இடமில்லை என்று வந்து நிற்கும். எதையாவது அழித்துவிட்டு மறுபடி இறக்குவோம்.

போன் வீட்டில் இருக்கிற பிள்ளைகளின் பாடே இது. எங்கள் பக்கத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கும் போன குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். பள்ளியில் கொடுத்திருப்பது அப்பாவின் எண். ஆகவே வீட்டுப்பாடம் பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிற அப்பாவுக்குப் போகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அண்மையில் கடைக்கு வந்தாள். அவள் அப்பா ராத்திரி பாட்டியின் பட்டன் போனில் கூப்பிட்டு, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். இவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். படம் ஒன்று வந்திருக்கிறது, அதை எப்படி வாசிப்பது? "மனுஷன் உடம்பு, உள்ளே பை மாதிரி, கீழே குழாய்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தாள். இதைப் பார்த்து எடுத்துத் தரச் சொல்லி நோட்டை நீட்டினாள். செரிமான மண்டலம் என்று புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் படம் அவள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பக்க எண்ணை வகுப்பில் சொல்லியிருந்தால் போதும்.

பாட்டியால் குரூப்பைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்பவர்கள் எங்கள் மாவட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக இருந்தது தருமபுரிதான், சுமார் 68.5 சதவீதம். அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் பலர்தான் இன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

சமூக ஊடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கும் பையன்கள் டெலிகிராமில் வரும் வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்கு அது பெரிய உதவி. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றக்கூடிய பணம் இது. எங்கோ ஒரு மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர் மாதிரித் தேர்வுத் தாள் தயாரித்து இலவசமாகப் போடுகிறார், யூடியூபில் தமிழில் விளக்குகிறார். அந்த நல்ல மனிதர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் உழைப்பு போன் இல்லாத பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இது அரசுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கொரோனாவுக்கு முன்பே, 2019-லேயே கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அதில் பாடம் நடந்தது, போனிலும் நடந்தது. அப்படியும் பிள்ளைகள் பின்தங்கியதால்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்தாயிற்று, ஆனால் எல்லாவற்றையும் குரூப்பில் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

போனைக் கொடுத்தால் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் புலம்புவதும் நியாயமே. மின்சுற்றுப் பாடம் பார்க்க யூடியூபைத் திறந்த பையன், என் கடை பெஞ்சிலேயே சற்று நேரத்தில் ஷார்ட்ஸுக்குப் போய்விடுகிறான். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாங்களாக வாட்ஸ்அப் கணக்கு தொடங்கக் கூடாது என்பது அந்த நிறுவனமே வைத்திருக்கும் விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினொரு வயது.

இன்னொன்று, அம்மாக்களின் போன் எண். வகுப்புக் குரூப்பில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. யார் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சில பெண்கள் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார்கள். வாட்ஸ்அப் சேனலாக வைத்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, இந்தத் தொல்லை இராது.

பள்ளிக் கல்வி அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். மறுநாள் செய்து வர வேண்டியது எதுவானாலும் கடைசி மணி அடிக்கும் முன் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். குரூப்பில் வருவது நினைவூட்டலாக மட்டும் இருக்கட்டும். வீடியோ பார்க்க வேண்டுமா, ஸ்மார்ட் போர்டு உள்ள பள்ளியில் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடு, போனில் ஸ்கேன் செய்து பாட வீடியோ பார்க்கத்தான் என்று பல பெற்றோருக்கு இன்னும் தெரியாது. அதை ஒருமுறை சொல்லிக்கொடுத்தாலே பாதித் தேடல் குறையும். அப்புறம், கலர் பிரிண்ட் கேட்பதை நிறுத்துங்கள். எனக்கு அதில் காசு வருகிறது, உண்மைதான். ஆனால் அதற்காகப் பாட்டியின் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்து வரும் பிள்ளையிடம் வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

என் மகனும் அரசுப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்க இருக்கிறேன். மற்ற ஊர்ப் பெற்றோரும் தங்கள் பள்ளிகளில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.